'நேத்து போயிருந்தேன்' என்றால் 'ஹேட் கான்' இல்லையா? பெர்ஃபெக்ட் டென்ஸில் மாட்டிக்கொண்ட கதை

ஒத்தக்கடை சிஸ்டர் | ஞாயிறு, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் போகிறேன். கேட்பது, படிப்பது இரண்டும் ஓரளவு வந்துவிட்டது. பேச வேண்டிய இடத்தில்தான் சறுக்கல்.

நேற்று கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு. நோயாளியாக நடித்தவரிடம் "சின்ஸ் வென் ஆர் யூ ஹேவிங் திஸ் பெயின்?" என்றேன். அங்கேயே நிறுத்தினார்கள். அப்புறம் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மேலூர்" என்றேன். அதுவும் தப்பாம். ஏன் தப்பு என்று கேட்டால் பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். அந்தக் கட்டம் எட்டாம் வகுப்பிலிருந்தே மனப்பாடம். ஹேவ், ஹேஸ், ஹேட், கூடவே வி3 (கான், ஈட்டன் மாதிரி வினையின் மூன்றாம் வடிவம்). தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நோயாளி முன்னால் நிற்கும்போது நான் எந்தக் கட்டத்துக்குள் நிற்கிறேன் என்பதுதான் தெரிய மாட்டேன் என்கிறது.

யாராவது கட்டம் இல்லாமல் சொல்லித் தருவீர்களா? (ஆங்கில வாக்கியங்களையும் தமிழிலேயே அடிக்கிறேன். போனில் மொழி மாற்றி மாற்றி விரல் வலிக்கிறது.)


வங்கித்தேர்வு பாண்டி | ஞாயிறு, இரவு 9.58

சிஸ்டர், ரொம்ப யோசிக்காதீர்கள். எஸ்டர்டே, அகோ, லாஸ்ட் வீக் வந்தால் வி2 (வென்ட், கேம் மாதிரி சாதாரண இறந்தகால வடிவம்). சின்ஸ், ஃபார், ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வந்தால் ஹேவ். வேலை முடிந்துவிட்டால் பெர்ஃபெக்ட், முடியவில்லை என்றால் கன்டினியுவஸ். தப்பு கண்டுபிடிக்கும் கேள்விக்கு இவ்வளவு போதும். நான் இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.


தல்லாகுளம்2009 | ஞாயிறு, இரவு 10.05

பாண்டி, ஃபார் வந்தால் ஹேவ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதே. "ஐ வொர்க்ட் இன் திருப்பூர் ஃபார் த்ரீ இயர்ஸ்." நான் இப்போது திருப்பூரில் இல்லை. அந்தக் கணக்கு மூடியாயிற்று. அதனால் வி2.


வங்கித்தேர்வு பாண்டி | ஞாயிறு, இரவு 10.07

அதுதான் அண்ணே குழப்பமே. மூன்று வருடம் 'முடிந்த' வேலைதானே? முடிந்தால் பெர்ஃபெக்ட் என்றுதானே நோட்ஸில் இருக்கிறது?


பழைய வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.51

இந்த 'முடிந்தால் பெர்ஃபெக்ட்' என்பதுதான் எல்லா வினையும் செய்கிறது. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் என்னை நம்பித் தப்பாக எழுதினார்கள். அந்தப் பெயருக்கு லத்தீனில் 'முடிந்தது' என்று பொருள் என்பது உண்மைதான். ஆனால் முடிந்த வேலையைச் சொல்ல ஆங்கிலத்தில் சாதாரண வி2 இருக்கிறதே, அப்புறம் இன்னொன்று எதற்கு?

அம்மா, கட்டத்தை ஓரமாக வையுங்கள். நம் வீட்டிலேயே ஒரு சொல் இருக்கிறது: இரு.

"வந்திருக்கேன்" என்பதைப் பிரித்தால் வந்து, இருக்கேன். வந்தது பழைய சங்கதி. இருக்கிறது இப்போதைய சங்கதி. வாசலில் நின்று "மாமா வந்திருக்கார்" என்று உள்ளே குரல் கொடுத்தால், காபி போடு என்று பொருள். "மாமா வந்தார்" என்றால் அடுத்து ஒரு கதை வரப்போகிறது. ஆங்கிலத்து ஹேவ் இந்த 'இரு' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. "அங்கிள் ஹேஸ் கம்", காபி போடு. "அங்கிள் கேம்", எப்போது, அப்புறம் என்ன ஆயிற்று?

எவ்வளவு தூரம் ஒட்டிப் போகிறது பாருங்கள். வந்திருக்கணும்: ஷுட் ஹேவ் கம். வந்திருக்கலாம்: மைட் ஹேவ் கம். வந்திருக்க மாட்டான்: வுடிண்ட் ஹேவ் கம். "நீ சொல்லியிருந்தா வந்திருப்பேன்" என்பதில் இரண்டு இடத்தில் இரு வருகிறது. "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்." அங்கேயும் இரண்டு இடம். ஆங்கிலத்திலேயே சிக்கலான வாக்கியம் என்று பயமுறுத்துவார்களே, அது நம் ஊர்ச் சண்டையில் தினமும் புழங்குகிற வாக்கியம்.

ஆக, முக்கால்வாசித் தூரம் 'இரு' நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடும். மீதிக் கால்வாசியில் கைவிட்டுவிடும். உங்கள் இரண்டு தப்பும் அந்தக் கால்வாசியில் விழுந்தவை. கண் மங்குகிறது, மீதி நாளைக்கு.


சிம்மக்கல் புத்தகப்பூச்சி | ஞாயிறு, இரவு 11.02

சரியான இடத்தில் தொடரும் போட்டுவிட்டார்.


வடக்காடி வீதி கைடு | திங்கள், காலை 6.20

ஐயா, மாமா வந்திருக்கார் உதாரணம் அருமை. எனக்கும் ஒரு சந்தேகம். கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப் போகும்போது "காந்தி ஹேஸ் கம் டு மதுரை மெனி டைம்ஸ்" என்பேன். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே "ஈஸ் ஹி கமிங் அகெய்ன்?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. தமிழில் "காந்தி மதுரைக்கு நிறையத் தடவை வந்திருக்கார்" என்றுதானே சொல்வோம்?


பழைய வாத்தியார் | திங்கள், காலை 7.15

கைடு தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். தமிழில் 'வந்திருக்கார்' என்று யாரைப் பற்றியும் சொல்லலாம், திருமலை நாயக்கரைப் பற்றியும் சொல்லலாம். நமக்கு அது 'அப்படி ஒரு சங்கதி உண்டு' என்று பதிவு செய்வது. ஆங்கிலத்தில் ஹேஸ் போட்டால் அந்த ஆள் இன்னும் இருக்கிறார், இன்னொரு தடவையும் வரலாம் என்று கதவு திறந்தே இருக்கும். இறந்தவருக்கு வி2தான். "காந்தி கேம் டு மதுரை மெனி டைம்ஸ். ஹி சேஞ்ச்ட் ஹிஸ் டிரெஸ் ஹியர் இன் 1921." மேலமாசி வீதி வீட்டில் சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறினாரே, அதற்கு வருடமும் சேர்ந்துவிட்டது, இனி ஹேஸுக்கு வேலையே இல்லை.

மியூசியத்துக்கு வேறு. "த மியூசியம் ஓபன்ட் இன் 1959", "இட் ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் 1959". கட்டடம் இன்னும் நிற்கிறது.

இப்போது சிஸ்டருக்கு. முதல் சறுக்கல்: "நேத்து மேலூர் போயிருந்தேன்." தமிழில் இது சுத்தமான வாக்கியம். போனேன், இருந்தேன், திரும்பி வந்துவிட்டேன், அங்கே என்ன நடந்தது தெரியுமா என்று கதைக்குத் திண்ணை போடுகிற வாக்கியம். இதை அப்படியே தூக்கி "ஐ ஹேட் கான்" என்று வைத்தால், கேட்கிற ஆங்கிலேயர் இன்னொரு சம்பவத்துக்குக் காத்திருப்பார். ஏனென்றால் ஹேட் தனியாக நிற்காது. இறந்தகாலத்தில் ஏற்கெனவே ஒரு ஆணி அடித்திருக்க வேண்டும், அந்த ஆணிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் ஹேட்.

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூச்சிரைக்க ஜங்ஷனுக்கு ஓடுகிறீர்கள். பிளாட்பாரம் காலி. "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த வைகை ஹேட் லெஃப்ட்." நான் போய்ச் சேர்ந்தது ஆணி. வண்டி அதற்கு முன்பே போய்விட்டது. ஹேட் எடுத்துவிட்டு "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த வைகை லெஃப்ட்" என்றால், நீங்கள் வந்ததும் வண்டி கிளம்பியது, வாசலில் தொங்கியாவது ஏறியிருக்கலாம். ஆணி இல்லாத மேலூருக்கு "ஐ வென்ட் டு மேலூர் எஸ்டர்டே" போதும்.


கப்பலூர் எச்ஆர் | திங்கள், காலை 9.30

எங்களுக்கு வரும் விடுப்புக் கடிதங்களில் பாதி "ஐ ஹேட் கான் டு மை நேட்டிவ் பிளேஸ்" என்றுதான் ஆரம்பிக்கும். அது ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. எல்லாரும் 'போயிருந்தேன்' என்று மனதில் சொல்லிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.


ஒத்தக்கடை சிஸ்டர் | திங்கள், மதியம் 2.40

ஐயா, டூட்டி முடித்து பஸ்ஸில் படித்தேன். வைகையை ஒருமுறை அப்படித் தவற விட்டவள் நான், மறக்காது. அந்த 'சின்ஸ் வென்' சங்கதியையும் சொல்லிவிடுங்கள்.


பழைய வாத்தியார் | திங்கள், மாலை 5.05

அதற்கு உங்கள் முதல் பதிவையே எடுத்துக்கொள்வோம். "ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் வினையே இல்லை! நமக்கு 'ஆக' போதும். ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன், மூணு நாளா வலிக்குது, காலையிலிருந்து நிற்கிறேன். வினை எல்லாம் நிகழ்காலத்தில். அதனால் ஆங்கிலத்திலும் "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்று வாய் போய்விடுகிறது.

ஆங்கிலம் இங்கே பிடிவாதம் பிடிக்கும். அன்றைக்கு ஆரம்பித்து இந்த நிமிடம் வரை வந்து நிற்கிறது என்றால் நிகழ்காலம் மட்டும் அதற்குப் போதாது, ஹேவ் வேண்டும். "ஐ ஹேவ் பீன் எ ஸ்டாஃப் நர்ஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்." நீளம் சொன்னால் ஃபார், தொடக்கம் சொன்னால் சின்ஸ். நம் '-ஆ' ஃபார், '-லிருந்து' சின்ஸ். மூணு நாளா: ஃபார் த்ரீ டேஸ். வெள்ளிக்கிழமையிலிருந்து: சின்ஸ் ஃப்ரைடே.

நோயாளியிடம் கேட்க வேண்டியது, "ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் பெயின்?" ஹேவ், ஹேட் இரண்டும் வருகிறதே என்று மிரள வேண்டாம். முன்னால் இருப்பது நம் 'இரு'. பின்னால் இருப்பது வலியை வைத்துக்கொண்டிருப்பது. இதை மட்டும் நூறு தடவை சொல்லிப் பாருங்கள். உங்கள் வேலையில் தினமும் தேவைப்படுகிற வாக்கியம் இதுதான்.


சிம்மக்கல் புத்தகப்பூச்சி | திங்கள், மாலை 6.12

இதற்கு நம் கீழடி நல்ல உதாரணம். "ஆர்க்கியாலஜிஸ்ட்ஸ் பிகேன் டிக்கிங் அட் கீழடி இன் 2015." தொடக்கம், வி2. 2018-லிருந்து மாநிலத் தொல்லியல் துறை கையில். "த ஸ்டேட் டிபார்ட்மென்ட் டுக் ஓவர் இன் 2018", அதுவும் வி2. அங்கேயே நிற்கும் அருங்காட்சியகம்? "ஹேஸ் பீன் ஓபன் சின்ஸ் 2023." "தே ஹேவ் ஃபவுண்ட் பாட்ஷெர்ட்ஸ் வித் தமிழி ரைட்டிங்": தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது, எந்த வருடம் என்று சொல்லவில்லை, ஓடு கண்முன்னே இருக்கிறது, ஹேவ். வருடத்தைச் சொன்ன நொடியில் ஹேவ் ஓடிவிடும்.


நியூஜெர்சி மதுரைக்காரன் | திங்கள், இரவு 8.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கே என் ஆபீசில் எல்லாரும் "டிட் யூ ஈட் யெட்?", "ஐ ஆல்ரெடி ஈட்" அல்ல, "ஐ ஆல்ரெடி ஏட்" என்றுதான் சொல்கிறார்கள். யெட், ஆல்ரெடி வந்தால் ஹேவ் என்ற பாண்டியின் விதியை இவர்கள் யாரும் படிக்கவில்லை போல.


வங்கித்தேர்வு பாண்டி | திங்கள், இரவு 8.41

அதெப்படி? தேர்வில் அப்படி எழுதினால் மைனஸ் மார்க். அமெரிக்காக்காரன் தப்பாகப் பேசினால் நாமும் பேச வேண்டுமா?


பழைய வாத்தியார் | திங்கள், இரவு 9.10

தப்பில்லை பாண்டி, அது அவர்கள் வழக்கு. ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றோடும் அமெரிக்கர்கள் பேச்சில் வி2 தாராளமாகப் போடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" நம் பாடநூல் வந்த வழி பிரிட்டிஷ், உன் கேள்வித்தாளும் அந்த வழிதான், அதனால் உனக்கு ஹேவ். மதுரைக்காரர் 'வந்திருக்காய்ங்க' என்கிறார், வேறு ஊர்க்காரர் 'வந்திருக்காங்க' என்கிறார். யாருக்கு மைனஸ் மார்க் போடுவாய்?


வங்கித்தேர்வு பாண்டி | திங்கள், இரவு 9.12

'ய்ங்க'வுக்கு எவனும் மைனஸ் போட முடியாது ஐயா. ஒத்துக்கொள்கிறேன்.


திருநகர் அம்மா | செவ்வாய், காலை 11.00

ஒன்பதாவது படிக்கும் மகனுக்காக இதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் கேட்ட கேள்வி: "நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்று சொல்கிறோம், இரு இருக்கிறது, நேத்தும் இருக்கிறது. இதற்கு என்ன? நான் முழித்தேன்.


பழைய வாத்தியார் | செவ்வாய், மதியம் 12.20

பையனிடம் சொல்லுங்கள், அந்தக் கேள்விக்கு என் முப்பத்தொரு வருடத்தில் மொத்தமே இரண்டு பேர்தான் வந்தார்கள்.

தரை நனைந்திருக்கிறது, மழையை நாம் பார்க்கவில்லை, ஊகிக்கிறோம். அதற்கும் தமிழில் இருதான். "எவனோ சைக்கிளை எடுத்துட்டுப் போயிருக்கான்." ஆங்கில ஹேவுக்குத் தனியாக இந்த ஊக வேலை தெரியாது. "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" தப்பு. ஊகம் வேண்டுமென்றால் மஸ்ட் வர வேண்டும்: "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்." உடனே பையன் கேட்பான், இங்கே மட்டும் ஹேவும் லாஸ்ட் நைட்டும் எப்படிச் சேர்ந்தன என்று. மஸ்ட், ஷுட், மைட், குட் இவற்றுக்குப் பின்னால் வி2 நுழைய முடியாது. அதனால் இறந்தகாலச் சுமையை ஹேவ் தூக்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் எஸ்டர்டேயும் வரலாம், லாஸ்ட் நைட்டும் வரலாம்.

இன்னொன்று. படுத்திருக்கார், உட்கார்ந்திருக்கார், கதவு திறந்திருக்கு. இவை நிலையைச் சொல்பவை. "ஹி இஸ் லையிங் டவுன்", "ஹி இஸ் சிட்டிங்", "த டோர் இஸ் ஓபன்". இங்கே ஹேஸ் தேட வேண்டாம்.


கப்பலூர் எச்ஆர் | செவ்வாய், மதியம் 1.15

நானும் ஒன்று சேர்க்கிறேன், இதில் எங்கள் ஆபீசில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. "மேனேஜர் சென்னை போயிருக்கார்." தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம். இப்போது அங்கே இருக்கிறார், அல்லது முன்பு எப்போதோ போன அனுபவம் உண்டு. ஆங்கிலத்தில் பிரித்தாக வேண்டும். "ஹேஸ் கான் டு சென்னை": ஆள் சீட்டில் இல்லை. "ஹேஸ் பீன் டு சென்னை": போய்விட்டு வந்தவர். எங்கள் பையன் ஒருவன் வாடிக்கையாளரிடம் போனில் பீன் என்று சொல்ல, அவர் அப்படியானால் லைனைக் கொடுங்கள் என்று பத்து நிமிடம் காத்திருந்தார்.


திருநகர் அம்மா | செவ்வாய், மதியம் 1.40

இல்லை என்று சொல்லும்போது?


தல்லாகுளம்2009 | செவ்வாய், மாலை 4.30

அம்மா, அதில் நமக்கு 'வரலை' ஒன்றே எல்லாவற்றுக்கும். நேத்து வரலை: டிடிண்ட் கம். இன்னும் வரலை: ஹேஸிண்ட் கம் யெட். 'இன்னும்' கேட்டால் ஹேஸிண்ட் என்று பழக்கிவிடுங்கள். 'போனதில்லை', 'பார்த்ததில்லை' வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஹேவ் நெவர். "நான் கொடைக்கானல் போனதே இல்லை": ஐ ஹேவ் நெவர் பீன் டு கொடைக்கானல். (உண்மையாகவே போனதில்லை. மதுரையில் பிறந்து இத்தனை வயதாகிறது. யாரிடமும் சொல்லாதீர்கள்.)


ஒத்தக்கடை சிஸ்டர் | செவ்வாய், இரவு 10.15

இன்றைக்கு ஷிஃப்ட் மாற்றும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வதை எல்லாம் ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். திருத்துங்கள்.

1. பெட் ஃபோர் ஹேஸ் ஹேட் பாராசிட்டமால் அட் சிக்ஸ்.
2. ஹி ஹேஸ் ஹேட் டூ டோஸஸ் சோ ஃபார்.
3. ஹி ஹேட் நாட் ஈட்டன் சின்ஸ் மார்னிங்.
4. த டாக்டர் ஹேஸ் ஆல்ரெடி சீன் ஹிம்.


பழைய வாத்தியார் | புதன், காலை 6.40

இதுதான் பயிற்சி. கட்டத்தைப் பார்த்து நூறு வாக்கியம் எழுதுவதைவிட, கையில் இருக்கிற வேலையை நாலு வாக்கியத்தில் சொல்வது மேல்.

இரண்டும் நான்கும் சரி. ஒன்றில் 'அட் சிக்ஸ்' வந்துவிட்டது. கடிகாரம் பேசினால் ஹேஸ் வாயை மூட வேண்டும். "பெட் ஃபோர் ஹேட் பாராசிட்டமால் அட் சிக்ஸ்." இதில் வருகிற ஹேட், 'எடுத்துக்கொண்டார்' என்ற சாதாரண வி2. மூன்றாவதில் அவர் இந்த நிமிடம் வரை சாப்பிடவில்லை, ஆணி 'இப்போது', ஆக "ஹேஸிண்ட் ஈட்டன் சின்ஸ் திஸ் மார்னிங்". 'திஸ்' மறக்க வேண்டாம். இதையே நாளைக்கு "நேற்று ராத்திரி எட்டு மணிக்கு நான் பார்த்தபோது" என்று சொன்னால் ஆணி நேற்றுக்குப் போய்விடும், அப்போது ஹேடிண்ட்.

ஒரு வேலை தருகிறேன். காலை பத்து மணிக்குச் சொல்லுங்கள்: "ஐ ஹேவ் கிவன் டூ இன்ஜெக்ஷன்ஸ் திஸ் மார்னிங்." அதையே மாலை நான்கு மணிக்குச் சொல்லுங்கள். காலை முடிந்துவிட்டது: "ஐ கேவ் டூ இன்ஜெக்ஷன்ஸ் திஸ் மார்னிங்." ஊசி அதே இரண்டுதான்.


நியூஜெர்சி மதுரைக்காரன் | புதன், காலை 7.55

சிஸ்டர், கேட்கும் தேர்வுக்கு ஒன்று. பேச்சில் ஹேவ், ஹேஸ் முழுசாகக் காதில் விழாது. 'ஐவ்', 'ஹீஸ்' என்று முழுங்கிவிடுவார்கள். ஹீஸ் என்பது ஹி இஸ்ஸா, ஹி ஹேஸா என்பதற்கு அடுத்த சொல்தான் சாட்சி. ஹீஸ் ஈட்டிங், சாப்பிடுகிறார். ஹீஸ் ஈட்டன், சாப்பிட்டுவிட்டார். இங்கே வந்த முதல் வருடம் இந்த ஒரு எழுத்தில் நான் பட்ட பாடு தனி இழைக்கு ஆகும்.


வங்கித்தேர்வு பாண்டி | புதன், காலை 8.02

என் பெர்ஃபெக்ட் நோட்ஸில் முதல் வரியை அடித்துவிட்டேன். "ஐ ஹேவ் ஸ்ட்ரக் இட் அவுட்." அடித்தது இப்போதும் அடித்தபடிதான் இருக்கிறது. சரியா ஐயா?


பழைய வாத்தியார் | புதன், காலை 8.30

சரி. எப்போது அடித்தாய் என்று மட்டும் சொல்லிவிடாதே.


ஒத்தக்கடை சிஸ்டர் | சனி, மாலை 6.50

இன்றைக்கு மறுபடி மாதிரித் தேர்வு. "ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் பெயின்?" யோசிக்காமலே வாயில் வந்தது. நோயாளியாக நடித்தவரே தலையை ஆட்டினார். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வாக்கியத்தில் கோட்டை விட்டேன். டாக்டர் எங்கே என்று கேட்டார். "த டாக்டர் ஹேஸ் பீன் டு த தியேட்டர்" என்றேன். "ஓ, குட், கால் ஹிம்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.


கப்பலூர் எச்ஆர் | சனி, மாலை 6.58

சொன்னேனே தங்கச்சி, எங்கள் ஆபீஸ் பஞ்சாயத்து!


பழைய வாத்தியார் | சனி, இரவு 7.20

கான், அம்மா, கான். டாக்டர் இன்னும் ஆபரேஷன் தியேட்டரிலேயே இருக்கிறார். திரும்பி வரவில்லை.


ஒத்தக்கடை சிஸ்டர் | சனி, இரவு 7.24

இன்னும் வரலை. ஹி ஹேஸிண்ட் கம் பேக் யெட்.


பழைய வாத்தியார் | சனி, இரவு 7.25

வந்ததும் சொல்லுங்கள்.